இளைய தலைமுறை, வயது இருபத்தைந்து

இளைஞர்களுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லையே என்று ஒரு மனிதர் வருத்தப்பட்டால் சும்மா விட்டுவிடலாம். வீட்டில் நாலு பேரிடம் புலம்பிவிட்டுத் தூங்கிப்போவார். அந்த வருத்தத்துக்கு ஐந்து மாடிக் கட்டடம், எட்டு ஜீப், நானூறு ஊழியர், வாசலில் ஒரு நீரூற்று என்று கொடுத்துவிட்டால் பிறகு யாராலும் அதைத் தீர்த்துவைக்க முடியாது. ஆங்கிலத் திறன் மீட்பு வாரியம் அப்படி உண்டானதுதான். நீரூற்றில் தண்ணீர் வராது என்பதைத் தவிர அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துவந்தது.

பாபினுக்கு அந்த வாரியத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவே. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக். பன்னிரண்டு லைன், இருநூறு மெஷின், எது நின்றாலும் முதலில் கேட்பது அவள் பெயரைத்தான். அதுவும் சொந்தப் பெயர் இல்லை. சேர்ந்த புதிதில் யாரோ மெஷினின் அடிநூல் உருளையின் பெயரை வைத்து பாபின் என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைப் பார்த்தால் அவளுக்கே யாரோ போலத் தெரியும்.

அந்தத் தொழிற்சாலையில் ஐந்து தாய்மொழிக்காரர்கள் வேலை பார்த்தார்கள். கழுத்துப்பட்டி தைப்பவள் ஒரு மொழி, கை பொருத்துபவள் வேறு மொழி, திட்டுகிற சூப்பர்வைசர் மூன்றாவது மொழி. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது மெஷின்களோடு வந்த ஆங்கிலக் கையேடு ஒன்றுதான். பாபின் முதன்முதலில் மெஷின் கம்பெனியின் வெளிநாட்டு உதவி எண்ணுக்குப் போன் செய்தபோது அவளிடம் இருபது ஆங்கில வார்த்தைகள் இருந்தன. மறுமுனையில் இருந்த மெக்கானிக்கிடம் ஒரு இருபத்தைந்து இருக்கலாம். அவனுக்கும் அது சொந்த மொழி இல்லை. இரண்டு பேரும் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் கத்திக் கத்தியே மெஷின்களை ஓட வைத்தார்கள். ஆறு வருஷம் ஆனது. ஒருநாள் போனை வைத்த பிறகுதான் பாபினுக்கு உறைத்தது, அரைமணி நேரமாக அவனுடைய மாமியாரைப் பற்றி ஆங்கிலத்தில் நியாயம் பேசியிருக்கிறாள்.

அந்த மனிதன்தான் கம்பெனியில் சொல்லி, அவளுக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தான். சர்வீஸ் இன்ஜினியர். தலைமையகத்தில் ஒரு வருஷப் பயிற்சி, பிறகு நாடு நாடாகப் போய் மெஷின் பார்க்க வேண்டும். இங்கேயே இருந்தால் அவளுக்கு மேலே இருக்கும் ஒரே பதவி மேனேஜரின் மச்சானுக்கு என்று முடிவாகியிருந்தது. எனவே பாபினுக்கு அந்த வேலை வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்று ரொம்ப வேண்டும் என்று தோன்றியது. கம்பெனி கேட்டது ஒரே ஒரு காகிதம். உங்கள் நாட்டு வாரியத்தின் ஆங்கிலச் சான்றிதழ், மாதக் கடைசிக்குள்.

தேர்வு எழுதினாள். எண்பத்து நான்கு மதிப்பெண். சான்றிதழ் வாங்கக் கீழ்த்தளக் கவுன்டருக்குப் போனாள். எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கே.”

“இருக்காதே சார். இப்பதான் முதல் தடவை வர்றேன்.”

“ரெண்டாவது மாடிக்குப் போங்க. அங்க உங்களத் தெரிஞ்சவங்க இருக்காங்க.”

மாடிப்படி ஏறும்போது சுவரில் ஒரு பலகை கண்ணில் பட்டது. ‘ஆங்கிலத்தின் தரத்தைக் காக்கும் பொருட்டு, அலுவலக வளாகத்தில் ஊழியர்கள் அம்மொழியில் பேசுவதைத் தவிர்க்கவும்.’ நன்றாகச் சட்டம் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது மாடியில் புள்ளிவிவர அதிகாரி இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியூரிலிருந்து வந்த சித்தப்பா மாதிரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வளர்ந்துட்டீங்கம்மா. உங்கள எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். நேர்ல பாக்கறது இதான் முதல் தடவை.”

பாபினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் திரும்பிச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க ஒரு வரைபடம், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. சிவப்புக் கோடு ஒன்று மேலே இடதுபக்கம் தொடங்கி, படிப்படியாகச் சரிந்து, வலதுபக்கத் தரையருகே வந்து நின்றது. தலைப்பில் ‘இளைய தலைமுறையின் ஆங்கிலத் திறன்: பத்தாண்டு வீழ்ச்சி’ என்று இருந்தது. அதே படத்தை அவள் செய்தித்தாளில் பார்த்திருக்கிறாள். தொலைக்காட்சியில் நாலு பேர் அதைக் காட்டிச் சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறாள்.

“இது நீங்கதான்” என்றார் அதிகாரி.

அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது வாரியத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து நூறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து தேர்வு வைப்பார்கள். எழுதிக் கொடுத்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட் தருவார்கள். அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வருஷா வருஷம் ஒருவர் வருவார், அப்பா அவருக்கு நாற்காலி போட்டு விசிறியைத் திருப்பி வைப்பார், இவள் வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று கிறுக்கித் தள்ளிவிட்டு ஓடுவாள்.

“மத்த தொண்ணூத்தொம்பது பேர் எங்க சார்?”

“முப்பது பேர் வீடு மாத்திட்டாங்க. நாப்பது பேர் கதவத் திறக்கல. மிச்சம் இருந்தவங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வந்துடுச்சு. அது பொதுப்போக்குக்கு ஒத்து வரல, அதனால விதிவிலக்குன்னு எடுத்துட்டோம். நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் ஒத்துழைச்சீங்க.”

“அப்ப இந்த நாட்டுல இளைய தலைமுறைன்னா…”

“நீங்கதாம்மா” என்றார். குரலில் பெருமை இருந்தது.

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, கோடு சரியும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் பள்ளம். “இந்த வருஷம் அம்பத்தொம்பதுல இருந்து நாப்பத்தேழு. என்ன ஆச்சுன்னு நாங்க மண்டைய உடைச்சுக்கிட்டோம்.”

“காய்ச்சல் சார் அப்ப.”

“காய்ச்சலா?” அதிகாரி குச்சியைத் தாழ்த்தினார். “அதுக்குத்தான் மழலை வகுப்புல ஆங்கிலத்தக் கட்டாயமாக்கினோம்.”

அடுத்த சரிவுக்குக் காரணம் வாய்மொழிப் பகுதி. அதில் மட்டும் நூற்றுக்குப் பதினொன்று. பாபின் யோசித்துப் பார்த்தாள். அன்று காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தாள். வாய் முழுக்கப் பஞ்சு. அந்தப் பதினொன்றைப் பார்த்துத்தான் உச்சரிப்பு நெருக்கடி என்று அறிவித்தார்கள். விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் மூன்று கண்டங்களுக்குப் போய், நாக்கு எங்கே படுகிறது என்று ஆராய்ந்து, எழுநூறு பக்கம் எழுதிக்கொண்டு திரும்பி வந்தது. அமைச்சர் மேடையிலேயே அழுதார்.

“ஒரு வார்த்தை பல்லுன்னு சொல்லியிருக்கலாமே” என்றார் அதிகாரி.

“வாயத் திறக்க முடியல சார்.”

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சோர்ந்து உட்கார்ந்தார். கடைசிப் புள்ளி முப்பத்தெட்டு. இப்போது எண்பத்து நான்கு. சுவரில் இடமே இல்லை, கோட்டை மேலே இழுத்தால் கடிகாரத்தில் போய் முட்டும். இது தம் கையை மீறிய விஷயம், செயலாளர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஐந்தாவது மாடியில் கூட்டம். பாபின் அப்பாவையும் கூட்டிப் போனாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அரசாங்க முத்திரை எதைப் பார்த்தாலும் செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கிற மனிதர். வருஷா வருஷம் பாபினின் தேர்வுத் தாளில் பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

செயலாளர் மேசைக்குப் பின்னால் பரந்து உட்கார்ந்திருந்தார். பாபின் மரியாதைக்காக ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். குறிப்பெழுதும் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“இங்க அதெல்லாம் வேணாம்மா” என்றார் செயலாளர். “தப்பாயிட்டா வாரியத்துக்குக் கெட்ட பேரு.”

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“பாருங்கம்மா, வீழ்ச்சின்னா ஒரு நாள்ல வர்றதில்ல. பத்து வருஷ உழைப்பு. ஆரம்பத்துல எங்களுக்கு ரெண்டு அறைதான். நீங்க விழ விழத்தான் இந்த வாரியம் நிமிந்துச்சு. காய்ச்சல் வந்தப்ப மூணாவது மாடி கட்டினோம். உங்க பல்லு போனப்ப நாலும் அஞ்சும். அதையெல்லாம் நாங்க மறக்கல. இப்ப திடீர்னு வந்து எண்பத்து நாலுன்னா என்ன அர்த்தம்? இளைஞர்களுக்கு இங்கிலீஷ் வந்துடுச்சுன்னு ஆகும். அதுவும் எங்க உதவி இல்லாமயே வந்துடுச்சுன்னு ஆகும். நீங்க பாஸானா உங்க ஒருத்தருக்கு வேலை. பெயிலானா நானூறு பேருக்கு வேலை. எது தேசப்பற்றுன்னு நீங்களே சொல்லுங்க.”

“எனக்கு மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட் வேணும் சார். வேற ஒண்ணும் வேணாம்.”

“ஏறக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே. படிப்படியா ஏறுங்க. வருஷத்துக்கு ஒரு மார்க். நாங்களும் திட்டம் போட்டு அறிவிப்போம்.”

பாபின் மனக்கணக்குப் போட்டாள். முப்பத்தெட்டிலிருந்து அறுபது. பாஸ் ஆகும்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“சரி சார், என்னை இந்த இளைய தலைமுறையில இருந்து எடுத்துடுங்க. நான் பாட்டுக்கு என் வேலையப் பாத்துக்கறேன்.”

“அதுக்கு ஒரு படிவம் இருக்கு. நாப்பது வயசு முடிஞ்சவங்க கொடுக்கலாம்.”

இதற்குமேல் அவள் வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் அதைக் கவனித்துவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து ஒரு யோசனை சொன்னார். வாரியத்திலேயே ஒரு பணியிடம் உருவாக்கலாம். பதவியின் பெயர் ‘இளைய தலைமுறை, நிலை மூன்று’. நிரந்தர வேலை, ஓய்வூதியம் உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் வந்து தேர்வு எழுதினால் போதும். முந்தைய வருஷத்தைவிட இரண்டு மதிப்பெண் குறைவாக.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் வேறு எதையும் பேசவில்லை.

“பெயிலாகறதுக்குச் சம்பளமா? நாங்கல்லாம் சும்மாவே ஆனோமேம்மா.”

“எனக்கு வேணாம்ப்பா.”

“கவர்மென்ட் வேலைம்மா. உனக்கு ஆளனுப்பித் தேடி வருது.”

“நான் மெஷின் ரிப்பேர் பண்றவப்பா. கெட்டுப்போனதச் சரி பண்ணித்தான் பழக்கம். வருஷா வருஷம் கெட்டுப்போறதுக்கு உக்காந்து சம்பளம் வாங்க என்னால முடியாது.”

அப்பா விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். பிறகு கேட்டார். “வருஷத்துக்கு ரெண்டுன்னா, முப்பத்தெட்டுல இருந்து எத்தன வருஷம் வரும்?”

“பத்தொம்பது வருஷம். அப்புறம் பூஜ்யம்.”

“பூஜ்யத்துக்கு அப்புறம்?”

“மைனஸ் போகணும் போல.”

“அப்ப வேணாம்மா” என்றார் அப்பா. “மைனஸ் வாங்கி நம்ம குடும்பத்துல யாருக்கும் பழக்கமில்ல.”

அதற்குப் பிறகு அவர்தான் தினமும் காலையில் வாரிய வாசலில் போய் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணீர் வராத நீரூற்றுக்குப் பக்கத்தில், யார் வந்தாலும் வணக்கம் போட்டார். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது புள்ளிவிவர அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. பத்து வருஷம் பார்த்து வந்த பெண். விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆய்வுக்கு எடுத்த மாதிரிக் குழுவில் இருக்கும் நபர் நிரந்தரமாக நாட்டை விட்டு வெளியேறினால் பெயரை நீக்கலாம். சான்றிதழ் கொடுத்தால் அவள் வெளியேறுவாள். வெளியேறினால் அவள் வாங்கிய எண்பத்து நான்கு வரைபடத்தில் ஏறாது.

செயலாளர் சந்தேகத்தோடு கேட்டார். “இவளயும் எடுத்துட்டா அறிக்கையில எந்த எண்ணப் போடுவீங்க?”

“அதுதான் சார் சிக்கல். மாதிரியில ஆளே இல்ல. ஒருத்தரும் எழுதல, மொத்த மார்க்கும் ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் எதையும் காட்டாது.”

“ஒண்ணுமில்லன்னா பூஜ்யம்தானே?”

“அப்படியும் சொல்லலாம் சார்.”

“பூஜ்யமா?” செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஜன்னல் பக்கம் போய் வெளியே இருந்த காலி மனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, சான்றிதழில் தம் கையாலேயே கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் தாமே குத்தினார். பாபினின் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்லா இரும்மா, போற இடத்துலயே செட்டிலாயிடு” என்று வாழ்த்தினார்.

பாபின் அன்றைக்கே சான்றிதழைக் கம்பெனிக்கு அனுப்பினாள். தொழிற்சாலையில் ஐந்து மொழிகளிலும் வாழ்த்துச் சொன்னார்கள். அப்பா ஒரு பெட்டி வாங்கி வந்து, சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று தெருக்கோடி வரை இழுத்துப் பார்த்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேனேஜரின் மச்சானிடம்கூட அன்று சிரித்துப் பேசிவிட்டாள்.

பத்து நாள் கழித்து வாரியத்தின் ஆண்டறிக்கை வெளியானது. விழாவில் வாரியத் தலைவர் பேசினார்.

“நம் இளைஞர்களின் ஆங்கிலத் திறன் இன்று பூஜ்யம் என்பதைக் கனத்த இதயத்துடன் அறிவிக்கிறேன். வீழ்ச்சி முழுமை பெற்றிருக்கிறது. உலகில் வேறு எந்த வாரியமும் இவ்வளவு குறுகிய காலத்தில் இந்த இலக்கை எட்டியதில்லை. இதற்குக் கீழே போக இடமில்லை என்று சிலர் நினைக்கலாம். அதற்காக நாங்கள் ஓய்ந்துவிட மாட்டோம்.”

கைதட்டினார்கள். பக்கத்துக் காலி மனையில் இரண்டாவது கட்டடத்துக்கு அங்கேயே அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டன. ஒரு முழு நாட்டின் இளைஞர்களில் ஒருவருக்குக்கூட ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் வரவில்லை என்றால் யார்தான் போடமாட்டார்கள்?

அடுத்த வாரம், மதிய இடைவேளையில், கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி பாபினை அழைத்தார். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. முதலில் மெஷின்களைப் பற்றிக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். ஊசி சூடாவதைப் பற்றி, நூல் இழுவையைப் பற்றி, ஈரமான காலத்தில் மோட்டார் செய்கிற சேட்டைகளைப் பற்றி. அவர் ரசித்துக் கேட்டார், ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார். கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“உங்கள் சான்றிதழில்தான் ஒரு சங்கடம். எண்பத்து நான்கு என்று இருக்கிறது. ஆனால் அதைக் கொடுத்த அதே வாரியம், உங்கள் நாட்டில் இளைஞர் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்று எழுதியிருக்கிறது. பூஜ்யம் என்று. எங்கள் சட்டப்பிரிவு கேட்கிறது. இரண்டும் ஒரே முத்திரை. எதை நம்புவது?”

“நான் இப்போது உங்களோடு எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறேன்?” என்று பாபின் கேட்டாள்.

“நன்றாகவே பேசுகிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் காகிதம் வேண்டும்.”

பாபினுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டாள். நிதானமாக, ஒன்றுவிடாமல், உண்மையைச் சொன்னாள். நூறு பேர் ஒருவராகிப் போனதைச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள். பல்லையும் பஞ்சையும் சொன்னாள். அந்தப் பூஜ்யம் தான்தான் என்றும், இந்த எண்பத்து நான்கும் தான்தான் என்றும், பத்து வருஷமாக இந்த நாட்டின் இளைய தலைமுறை முழுவதும் தான் ஒருத்திதான் என்றும், இப்போதுதான் அதிலிருந்து விடுபட்டதாகவும் தெளிவாக எடுத்துச் சொன்னாள். ஆறு வருஷத்தில் அவள் பேசியதிலேயே மிகச் சிறந்த ஆங்கிலம் அதுதான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

மறுமுனையில் ஆள்சேர்ப்பு அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் மிகவும் கனிவாக, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ‘விண்ணப்பதாரரின் ஆங்கிலம் சரளமாகவும் பிழையின்றியும் உள்ளது. ஆயினும் அவர் தம்மை ஒரு நாட்டின் முழு இளைய தலைமுறை என்று கருதிக்கொள்கிறார். இந்நிலையில் அவரிடம் இயந்திரங்களை ஒப்படைக்க நிறுவனம் தயங்குகிறது. அவர் விரைவில் நலம்பெற வாழ்த்துகள்.’

பாபின் அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு வார்த்தைக்குக்கூட அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை. அப்பா பெட்டிக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

“என்னம்மா எழுதியிருக்காங்க?”

“இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்காம்ப்பா” என்றாள் பாபின். “அதுல நான் உண்மையச் சொன்னதுதான் பைத்தியம் மாதிரி இருக்காம்.”